தீபாவளிக்குக் கொடுக்க உப்பு நார்த்தங்காய்: ஆவணியில் நறுக்குவது முதல் ஐப்பசியில் பாட்டிலில் அடைப்பது வரை

தீபாவளிப் பலகாரத்தோடு ஒரு சின்ன பாட்டில் உப்பு நார்த்தங்காயும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் அதிரசமும் முறுக்குமாகத் தின்று மந்தமாக இருக்கும் வயிற்றுக்கு, மூன்றாம் நாள் தயிர்சாதத்தோடு அது போல வேறு எதுவும் இதமாக இருக்காது.

வேண்டியது காய், உப்பு, வெயில், அவ்வளவுதான். ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் நாள் கணக்கில் தடுமாறிவிடுகிறார்கள். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது காய் வாங்கி வருவார்கள். அதற்குள் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் வானம் மூடிக்கொண்டுவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் வேலை காலண்டரை எடுப்பது.

1. பின்னாலிருந்து நாளை எண்ணுங்கள்

தீபாவளி ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசி பிறந்த கையோடு. ஆக, பண்டிகைக்கு முந்தைய வாரங்களின் வெயிலை நம்ப முடியாது.

நார்த்தங்காய் உப்பில் ஊற எட்டு முதல் பத்து நாள் ஆகும். பகலில் வெயிலிலும் இரவில் ஊறலிலுமாக மாற்றி மாற்றிப் போட ஒரு வாரம் வேண்டும். அதன்பின் முழுதாகக் காய இன்னொரு வாரம். நடுவில் மப்பும் தூறலும் வந்தால் இழக்கும் நாட்களுக்கு ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகிறது.

எனவே ஆவணி நடுவில், ஆகஸ்ட் கடைசியை ஒட்டி, நறுக்கிவிடுங்கள். ‘பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி’ என்று சொல்வார்கள். அந்தப் பொன்னுருகக் காயும் நாட்கள்தான் நமக்கு வேண்டும். ஆடியிலேயே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் இருக்கும், சரி. ஆனால் ஆடிக்காற்றில் மொட்டைமாடியில் காயவைத்த எதுவும் மண் படாமல் திரும்பாது.

சீக்கிரம் தொடங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காய்ந்தபின் ஜாடியில் கிடக்கக் கிடக்க நார்த்தங்காயின் கசப்பு தணியும். புரட்டாசிக் கடைசியில் தயாரானதைவிட, புரட்டாசி நடுவில் தயாரானது தீபாவளியன்று நன்றாக இருக்கும்.

2. காய் வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

காய் வந்தபிறகு ஜாடி தேடாதீர்கள். நறுக்கிய காய் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். உப்புக்காக அதைக் காக்க வைக்கக் கூடாது.

ஜாடி: பீங்கான் ஜாடி, இல்லையென்றால் அகல வாய் கண்ணாடி ஜாடி. அலுமினியம், பித்தளை, செம்பு கூடவே கூடாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும்; அது காயில் இறங்கும். எவர்சில்வரில் நறுக்கலாம், பிசறலாம். வாரக்கணக்கில் ஊறப்போடக் கூடாது. பீங்கான் ஜாடியின் உட்புறத்தில் மெருகு உரிந்திருந்தாலோ மயிரிழை விரிசல் இருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். விரிசலுக்குள் தங்கும் ஈரத்தைத் துடைக்க வழியில்லை.

ஜாடியை வெந்நீரில் கழுவி ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அடியில் கையெட்டாத இடத்தில் ஈரம் நிற்கும். பூசணம் முதலில் அங்கேதான் பூக்கும்.

உப்பு: கல் உப்பு. வேதாரண்யம் உப்பு நம் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. தூள் உப்பு காயின் மடிப்புகளில் தங்காமல் உடனே கரைந்து அடியில் போய்விடும். கல் உப்பு மெதுவாகக் கரையும், காயோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பு நசநசவென்று இருந்தால் முறத்தில் பரப்பி வெயிலில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை: மஞ்சள்தூள், கூர்மையான எவர்சில்வர் கத்தி, ஜாடி வாய்க்கு வேடு கட்ட வெள்ளைத் துணியும் வாழைநார் அல்லது நூலும், காயவைக்க மூங்கில் தட்டு அல்லது முறம், மரக்கரண்டி. இரும்பு அரிவாள்மனை வேண்டாம். வெட்டிய இடம் கறுத்து, இரும்பு வாடையும் ஏறும்.

3. காய் தேர்வு

முற்றிய காய் வேண்டும், பழுத்துவிடக் கூடாது. கரும்பச்சை மாறி இளம்பச்சையாகி, அங்கங்கே மஞ்சள் ஓடத் தொடங்கியிருக்கும் பருவம் சரி. பிஞ்சில் சாறு இருக்காது, கசப்பு மட்டும்தான் மிஞ்சும். நன்றாகப் பழுத்ததை நறுக்கினால் உப்பில் குழைந்து சுருள் அறுந்துபோகும்.

கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு காயில் கனமானதில்தான் சாறு அதிகம். தோலில் கரும்புள்ளி, அடிபட்ட இடம், பூச்சி துளைத்த ஓட்டை உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சேர்ப்பதும் வேண்டாம். அன்றைக்கே சாதம் கிளறவோ பச்சடி வைக்கவோ அது உதவும்.

கொல்லையில் மரம் இருந்தால் கீழே விழுந்த காயைப் பொறுக்காமல், காம்போடு பறித்துக்கொள்ளுங்கள். காம்பு பிய்ந்த குழி வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும்.

எவ்வளவு வாங்குவது? காய்ந்தபின் எடை பாதிக்கும் குறைவாகத்தான் தேறும். எத்தனை வீட்டுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். முதல்முறை செய்கிறவர்கள் மூன்று கிலோவுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் காயவைக்கும் தட்டும் இடமும் பற்றாமல் போகும்.

கிடாரங்காய்க்கும் இதே முறைதான். ஆனால் தோல் தடிப்பு, கசப்பும் கூடுதல். ஊற இன்னும் சில நாள் கொடுக்க வேண்டும். எலுமிச்சை சீக்கிரம் ஊறிவிடும். அதைச் சுருளாக நறுக்காமல், அடி ஒட்டியிருக்க நாலாகப் பிளந்தால் போதும்.

4. முதலில் கழுவுங்கள், அப்புறம் காயவிடுங்கள், அதற்குப் பிறகுதான் கத்தி

காயைக் கழுவித் துணியால் துடைத்து, இரண்டு மூன்று மணி நேரம் மின்விசிறிக் காற்றில் பரப்பி வையுங்கள். காம்புக் குழியில் ஒளிந்திருக்கும் தண்ணீர் அப்போதுதான் போகும்.

நறுக்கியபின் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காயின் சாறுதான் இங்கே பாதுகாப்பு. அதன் புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கின்றன. கழுவினால் சாறு போய், அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் வந்து உட்காரும்.

5. சுருளாக நறுக்குதல்

துண்டு துண்டாகவும் போடலாம். ஆனால் அன்பளிப்புக்குச் சுருள்தான் அழகு. உப்பு உள்ளே வரைக்கும் போவதும், கொடியில் தொங்கவிட்டுக் காயவைக்க முடிவதும் சுருளில்தான்.

ஒரு அகலத் தட்டின்மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சிந்தும் சாறு அத்தனையும் ஜாடிக்குள் போக வேண்டும். காம்புப் பக்கம் மெல்லிய வில்லையாக ஒரு சீவு சீவுங்கள். இடக்கையில் காயைப் படுக்கையாகப் பிடித்து, அரை விரல் தடிமனுக்குக் கத்தியைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே இறக்குங்கள். கத்தி காயின் நடுவைத் தாண்டிப் போக வேண்டும், மறுபுறத் தோலை அறுத்துவிடக் கூடாது. இனி கத்தியை நகர்த்தாமல் காயை உருட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டு ஒரே ஓட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். முடிந்ததும் இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் காய் ஸ்பிரிங் மாதிரி விரியும்.

முதல் இரண்டு காய் அறுந்துதான் போகும். பரவாயில்லை, அறுந்ததையும் அதே ஜாடியில் போடுங்கள், வீட்டுக்கு ஆகும்.

விரித்தவாறே கத்தி முனையால் கொட்டைகளை நெம்பி எடுத்துவிடுங்கள். உப்பில் கிடக்கும் கொட்டை நாள் போகப்போகக் கசப்பை இறக்கும். தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைச் சதையைச் சுரண்ட வேண்டாம். ஊறிக் காய்ந்தபின் மென்று தின்ன இருப்பது அதுதான்.

6. உப்பு அடைத்து அடுக்குதல்

ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் கல் உப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள். உப்பைத் தராசில் நிறுங்கள். கல் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து டம்ளருக்கு டம்ளர் எடை மாறும்.

“உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா அக்கா, எங்க வீட்டுல பிரஷர் இருக்கு” என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். குறைக்கக் கூடாது. இங்கே உப்பு ருசிக்காக மட்டும் போடுவதில்லை. காயிலிருந்து நீரை இழுத்து, கிருமிக்கு அந்த நீர் பயன்படாமல் செய்வதே அதுதான். குறைத்தால் நாலாம் நாளே மேலே வெள்ளை படரும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேறொன்று பதினொன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

உப்பையும் மஞ்சளையும் கலந்து ஒவ்வொரு சுருளின் மடிப்புக்குள்ளும் விரலால் அடையுங்கள். மறுபடி சுருளை மூடி, ஜாடியில் நெருக்கமாக அடுக்குங்கள். தட்டில் தேங்கிய சாற்றையும் மிஞ்சிய உப்பையும் மேலே கொட்டுங்கள். வாயில் துணி போட்டு வேடு கட்டுங்கள். எண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம் எதுவும் இப்போது வேண்டாம். எண்ணெய் பட்ட காய் வெயிலில் காயாது.

7. ஊறும் நாட்கள்

காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிடுங்கள். கனமான ஜாடியென்றால், உலர்ந்த மரக்கரண்டியால் அடியில் உள்ளதை மேலும் மேலே உள்ளதைக் கீழுமாகப் புரட்டுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டுத்தான் நிறைய ஜாடிகள் வீணாகின்றன. முதல் இரண்டு நாளில் சாறு அடியில்தான் நிற்கும். மேல் காய் காற்றில் கிடக்கும். பூசணத்துக்குக் காற்று வேண்டும். சாற்றில் நனைந்துகொண்டே இருக்கும் காயில் அது பிடிக்காது.

மூன்றாம் நாள் வாக்கில் ஊறல் தண்ணீர் பாதி ஜாடிக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் காயில் சாறு குறைவு. நாலைந்து எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

எட்டாம் நாளுக்கு மேல் ஒரு சுருளை எடுத்துப் பாருங்கள். தோலின் பச்சை போய்ப் பழுப்பு மஞ்சள் ஏறியிருக்கும். விரலில் சுற்றினால் முறியாமல் வளையும். வளையாமல் விறைப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். ஊறாத காயை வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிவிடும். அப்புறம் உப்பும் உள்ளே போகாது, ஈரமும் வெளியே வராது.

8. பகலில் வெயில், இரவில் ஊறல்

நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு மேல் சுருள்களை எடுத்து, ஊறலை ஜாடியிலேயே வடியவிட்டு, மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஊறல் இருக்கும் ஜாடியையும் வேடு கட்டிப் பக்கத்திலேயே வெயிலில் வையுங்கள். அதுவும் சுண்ட வேண்டும்.

சாயங்காலம் நாலரை மணிக்குள், காற்றில் ஈரம் ஏறுமுன், சுருள்களை மறுபடி ஊறலில் போட்டுக் கிளறிவிடுங்கள். பகலில் நீர் இழந்த காய் இரவில் உப்பையும் புளிப்பையும் குடிக்கும். மறுநாள் மறுபடி வெயில். ஐந்து முதல் எட்டு நாளில் ஊறல் முழுவதும் காய்க்குள் போய் ஜாடி அடி தெரியும்.

ஊறலைக் கொட்டிவிட்டு ஒரேயடியாகக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். நாள் மிச்சம்தான். ஆனால் அந்தக் காய் வெறும் உப்புத்தோலாகத்தான் இருக்கும். சாறெல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கும்.

இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் குறுவை அறுவடை நடக்கும். தெருவோரம் நெல் காயும், களத்துத் தூசி பறக்கும். தெருப் பக்கத் திண்ணையைவிட மொட்டைமாடி நல்லது. மேலே மெல்லிய வலைத்துணி போடுங்கள்.

9. நடுவில் மழை பிடித்துக்கொண்டால்

ஊறல் இன்னும் ஜாடியில் இருக்கும் கட்டமென்றால் கவலையே வேண்டாம். சுருள்களை ஊறலுக்குள் அமுக்கி, வேடு கட்டி, தினம் இருமுறை கிளறிக்கொண்டிருங்கள். ஒரு வாரம்கூடத் தாங்கும்.

ஊறல் வற்றி, காய் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மழை வந்தால்தான் ஆபத்து. அந்த ஈரத்தோடு மூடி வைத்தால் மூன்று நாளில் பூத்துவிடும். வீட்டுக்குள் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், தினம் புரட்டுங்கள். மழை விடுவதாகத் தெரியவில்லையென்றால் கொஞ்சம் கல் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துப் பிசறி மறுபடி ஜாடிக்கே அனுப்பிவிடுங்கள். வெயில் வந்தபின் எட்டாம் பகுதியிலிருந்து தொடரலாம்.

10. முழுதாகக் காயவைத்தல்

ஊறல் தீர்ந்தபின் சுருள்களை இரவில் ஜாடியில் போடாமல், வீட்டுக்குள் துணி மூடி வைத்து, பகலில் மட்டும் வெயிலில் போடுங்கள். ஐந்தாறு வெயில் வேண்டும். சுக்கு மாதிரி உடையும் அளவுக்கு விடாதீர்கள். விரலால் அழுத்தினால் ஈரம் ஒட்டக் கூடாது, வளைத்தால் முறியக் கூடாது, அதுதான் பதம்.

இந்தக் கட்டத்தில் மேலே வெள்ளையாக ஏதோ தெரியும். பூசணம் என்று பயந்து மொத்தத்தையும் கொட்டியவர்கள் உண்டு. விரலால் தேயுங்கள். மணலாக நறநறத்துத் தண்ணீரில் கரைந்தால் உப்பு. பஞ்சு போல எழும்பி, பச்சையோ கறுப்போ கலந்து, மக்கல் வாடை அடித்தால் பூசணம். அப்படியிருந்தால் துடைத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். பிறர் வீட்டுக்குப் போகும் பொருள், எறிந்துவிடுங்கள்.

11. உப்பு ஆகாதவர்களுக்கு: ஆரஞ்சு மர்மலேட்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பின் அளவு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பாட்டிலைக் கொடுப்பது நல்லதில்லை. பழச்சாற்றையும் தோலையும் சர்க்கரையோடு காய்ச்சிச் செய்யும் ஜாம் வகைதான் மர்மலேட். வெயில் தேவைப்படாத அதை அவர்களுக்குக் கொடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் இரண்டுமே வேண்டாம், பழமாகவே கொடுத்துவிடலாம்.

கமலா ஆரஞ்சு முக்கால் கிலோ, எலுமிச்சை கால் கிலோ. தோலோடு சேர்க்கப்போவதால் வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சாறு பிழிந்து, கொட்டையையும் நாரையும் மெல்லிய துணியில் மூட்டை கட்டுங்கள். மர்மலேட்டை உறைய வைக்கும் பெக்டின் பெரும்பாலும் கொட்டையிலும் வெள்ளைச் சதையிலும்தான் இருக்கிறது. தோலை மெல்லிய நாராக நறுக்கி, சாறு, மூட்டை, இரண்டு லிட்டர் தண்ணீரோடு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

காலையில் அப்படியே அடுப்பில் ஏற்றி, தோலை இரு விரலால் நசுக்கினால் மசியும்வரை சிறு தீயில் வேகவிடுங்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். சர்க்கரை இதற்குப் பிறகுதான். முதலிலேயே போட்டால் தோல் அதற்குமேல் வேகாது, ரப்பராக நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

மூட்டையை நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டு, மிஞ்சியதை டம்ளரால் அளந்து, டம்ளருக்கு டம்ளர் சர்க்கரை போடுங்கள். சர்க்கரை கரைந்தபின் பெருந்தீ. வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு பீங்கான் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே ஏடு சுருங்கினால் பதம். இறக்கிப் பத்து நிமிடம் வைத்துக் கிளறினால் தோல் மேலே மிதக்காமல் சமமாகப் பரவும். கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்த கண்ணாடி பாட்டிலில், பாட்டிலும் சூடாக இருக்கும்போதே ஊற்றி உடனே மூடுங்கள். குளிர்ந்த பாட்டில் விரிசல் விடும். திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

12. அடைத்துக் கொடுத்தல்

நார்த்தங்காய்க்கு விதி நேர்மாறு. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைக்கக் கூடாது. ஆறும்போது உள்ளே வேர்த்து, மூடியிலிருந்து சொட்டும். ஒரு ராத்திரி துணி மூடி ஆறவைத்து, மறுநாள் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். தகர மூடி உப்பில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள். தகரம்தான் கிடைத்தது என்றால் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி வாயில் வைத்து மூடுங்கள்.

ஒட்டும் சீட்டில் பெயர், நறுக்கிய மாதம், சேர்மானம் மூன்றும் எழுதுங்கள். கூடவே, ‘ஈரக்கை படாமல் எடுக்கவும். ஒரு வேளைக்கு நகத்தளவு போதும். வெயிலில் அவ்வப்போது காட்டவும்’ என்றும் எழுதிவிடுங்கள். வாங்குகிறவர்களில் பலருக்கு இது பழக்கமில்லை. முழுச் சுருளையும் தட்டில் வைத்துக்கொண்டு உப்பு கரிக்கிறது என்பார்கள்.

ஜாடி அடியில் மிஞ்சும் மஞ்சள் உப்புத்தூளைக் கழுவிவிடாதீர்கள். அதைச் சுரண்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். நீர்மோரில் ஒரு சிட்டிகை போட்டால் வேறு உப்பே வேண்டாம்.